பானையைக் கழுவுமுன் ஒரு பிடி மண்: அகழாய்வு செய்வோருக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டில் அகழாய்வுகளை நடத்தும் இயக்குநர்களுக்கும், வெயிலில் குழிக்குள் இறங்கி நிற்கும் கள ஆய்வாளர்களுக்கும் வணக்கம்.

நான் தாவரவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். தொல்லியல் என் துறை இல்லை. ஆனால் சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அகழாய்வை வேடிக்கை பார்க்கப் போன இடத்தில் கண்ட காட்சி இன்னும் மனதை உறுத்துகிறது. எந்த ஊர் என்பது வேண்டாம். குழியிலிருந்து உடையாமல் ஒரு பானை வந்தது. எல்லோருக்கும் மகிழ்ச்சி. ஒரு பையன் உள்ளே இருந்த மண்ணைக் குச்சியால் கிளறிக் கொட்டினான், பிரஷ் போட்டுத் தேய்த்தான், வாளித் தண்ணீரில் அலசி நிழலில் கவிழ்த்தான். "உள்ளே ஒண்ணும் இல்ல சார், வெறும் மண்ணுதான்" என்றான். அந்த வெறும் மண்ணுக்காகத்தான் இந்த மடல்.

கரும்புத் தோகை கையை அறுப்பதும், உமிச் சாம்பலில் தேய்த்தால் பித்தளைச் சொம்பு பளபளப்பதும் ஒரே காரணத்தால்தான்: சிலிக்கா. வேர் உறிஞ்சும் தண்ணீரில் மண்ணிலிருந்து கரைந்த சிலிக்காவும் கலந்து போகிறது. தண்ணீர் இலை வழியே ஆவியாகிவிடும். சிலிக்கா செல்லிலேயே தங்கிக் கண்ணாடிபோல் இறுகி, அந்தச் செல்லின் வடிவத்தையே எடுத்துக்கொள்ளும். செடி மக்கினாலும், மாடு தின்று சாணமாகப் போட்டாலும், அடுப்பில் எரிந்தாலும் அந்தத் துணுக்கு மண்ணில் கிடக்கும். இதைத்தான் பைட்டோலித் என்கிறார்கள். தாவரக் கல் என்று வைத்துக்கொள்வோம். பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது.

ஒருமுறை வகுப்பில் ஒரு கரண்டி உமியை எரித்து, சாம்பலை அமிலத்தில் கழுவி, நுண்ணோக்கியில் 400 மடங்கு பெரிதாக்கிப் பார்த்தோம். வரிசை வரிசையாக இரட்டைத் திமில்கள். நெல் உமிக்கே உரிய அடையாளம் அது. நெல் இலையில் விசிறி வடிவம் வரும், அதன் விளிம்பில் மீன் செதில்போல் வரிகள் இருக்கும். கேழ்வரகும் அருகம்புல்லும் சேர்ந்த புல் கூட்டத்தில் குதிரைச் சேணம்போல் ஒன்று. தினை, சாமை, சோளம் பக்கம் போனால் உடுக்கை. பனை, தென்னையில் முள் முளைத்த உருண்டை. வாழை இலையில் வாய் குழிந்த எரிமலை. பிள்ளைகள் அன்று மணி அடித்தும் எழுந்து போகவில்லை.

சரி, இதனால் உங்களுக்கு என்ன? பழனிக்கு அருகே பொருந்தலில் பேராசிரியர் கா. ராஜன் தோண்டிய ஈமக்குழியில், நான்கு கால் வைத்த ஜாடி ஒன்றில் ஏறக்குறைய 2 கிலோ நெல் கிடைத்தது. அதன் காலம் பொ.ஆ.மு. (அதாவது கி.மு.) 490 என்று வந்தது. தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் முதுமக்கள் தாழியில் கிடைத்த நெல்லின் உமி பொ.ஆ.மு. 1155 என்று 2021-இல் அறிவிக்கப்பட்டது. இரண்டும் பெரிய கண்டுபிடிப்புகள். ஆனால் இரண்டிலும் அதிர்ஷ்டத்துக்கும் பங்கு உண்டு. நெல் கண்ணுக்குத் தெரியும்படி மிஞ்சியிருந்தது. மிஞ்சாத பானைகள் எத்தனை? தானியம் மக்கிப் போன பானையின் அடிமண்ணில் உமியின் சிலிக்கா இருக்கலாமே.

வாழையை எடுத்துக்கொள்ளுங்கள். நாம் பயிரிடும் வாழையில் விதை கிடையாது, அதனால் கருகிய விதை என்று எதுவும் கிடைக்கப்போவதில்லை. மகரந்தமும் நிலைப்பதில்லை. பாப்புவா நியூ கினியின் கூக் சதுப்பு நிலத்தில் ஏறக்குறைய 7,000 ஆண்டுகளுக்கு முன்பே வாழை பயிரிட்டார்கள் என்று 2003-இல் சொல்ல முடிந்தது இந்த எரிமலை வடிவத் துணுக்குகளை வைத்துத்தான். பந்தல் கால் முதல் பந்தி இலை வரை வாழை இல்லாமல் காரியம் நடக்காத ஊர் நம்முடையது. அது எப்போது நம் கொல்லைக்கு வந்தது என்று மண்ணைக் கேட்க வேண்டாமா?

எனக்கு இதைவிட ஆசையான கேள்வி ஒன்று உண்டு. அந்த நெல் விளைந்தது நன்செய்யிலா, புன்செய்யிலா? ஆர்லீன் ரோசன், ஸ்டீவ் வைனர் என்ற ஆய்வாளர்கள் 1994-இல் ஒரு வகைக் கோதுமையை வைத்து, நீர் பாய்ச்சிய பயிரில் சிலிக்கா ஏறிய செல்கள் பெரிய தகடுகளாக ஒட்டியிருக்கும் என்று காட்டினார்கள். அப்புறம் சீனாவில் யாங்சி ஆற்றின் கீழ்ப்பகுதியில், தண்ணீருக்கேற்பக் கூடிக் குறையும் வடிவங்களையும் அப்படி மாறாத வடிவங்களையும் எண்ணி, பழைய நெல் வயல்களின் ஈரத்தைக் கணித்தார்கள். ஏரியும் கண்மாயும் எப்போது தொடங்கின என்று கல்வெட்டு பிறப்பதற்கு முந்தைய காலத்தில் தேட, இப்படி ஒரு வழி இருக்கிறது.

அதற்காக இதை மந்திரக்கோல் ஆக்கிவிட வேண்டாம். காரம் மிகுந்த மண்ணில் இத்துணுக்குகள் கரைந்துபோகும். துவரை, கொள்ளு, பயறு வகைகள் பெரிதாக எதையும் விட்டுச்செல்வதில்லை, அவற்றுக்குக் கருகிய விதையைத்தான் நம்ப வேண்டும். ஒரே உடுக்கை பல புற்களில் வரும். அதனால் ஒன்றிரண்டைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது, நுண்ணோக்கியில் வைக்கும் ஒரு கண்ணாடிச் சில்லில் நூற்றுக்கணக்கில் எண்ண வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்க நம்மூர் வரகு, குதிரைவாலி, மாப்பிள்ளைச் சம்பா எல்லாவற்றின் மாதிரிகளும் கையில் இருக்க வேண்டும். அந்தத் தொகுப்பை உருவாக்கும் வேலையை ஒரு கல்லூரித் தாவரவியல் துறையே மாணவர்களை வைத்துச் செய்துவிடலாம். மண்ணிலிருந்து பிரிப்பதற்கும் அமிலம், ஹைட்ரஜன் பெராக்சைடு, அடர்த்தி மிகுந்த ஒரு திரவம், பொறுமை, இவ்வளவுதான் தேவை. புதைபடிவங்களை ஆராயும் லக்னோவின் பீர்பால் சாஹ்னி நிறுவனத்தில் இதில் கைதேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். மகாராஷ்டிரத்தின் பிஸ்துராவில் கிடைத்த டைனோசர் சாணப் புதைபடிவத்தில் புல்லின் சிலிக்காவைக் கண்டுபிடித்து 2005-இல் உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தவர்கள் அவர்களும் அவர்களோடு உழைத்தவர்களும்தான்.

நான் கேட்பது சின்ன விஷயம். ஒவ்வொரு மண்ணடுக்கிலும், ஒவ்வொரு அடுப்படியிலும், ஒவ்வொரு பானையின் அடியிலும் ஒரு பிடி மண்ணைச் சுத்தமான கரணையால் எடுத்து, பையில் போட்டு, குழி எண்ணும் ஆழமும் எழுதி வையுங்கள். மேட்டுக்கு வெளியே, ஆள் குடியிருந்த தடமே இல்லாத இடத்திலும் ஒரு பிடி எடுங்கள், ஒப்பிட வேண்டும். இன்னொன்று: குழிக்கு மேல் தென்னங்கீற்றுப் பந்தல் போடுவீர்கள். அந்தக் கீற்றிலிருந்து உதிரும் தூசியிலும் முள் உருண்டைகள் உண்டு. மாதிரி எடுக்கும் நாளில் மட்டுமாவது மேலே தார்ப்பாய் கட்டுங்கள். இல்லாவிட்டால் சங்க காலத்து மண்ணில் போன வாரத் தென்னையைக் கண்டுபிடித்துக்கொண்டிருப்போம்.

கழுவிக் கவிழ்த்துவிட்ட பானைகளைப் பற்றிப் பேசிப் பயனில்லை. கிடங்கு மூலையில் மண் அப்பிய நிலையிலேயே ஏதாவது பானை இருந்தால், வாளியைத் தூக்கிக்கொண்டு வரும் பையனைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். நுண்ணோக்கியோடு நான் எப்போது கூப்பிட்டாலும் வருவேன்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியர் ஒருவன்