நீண்ட கார்களை மறையச் செய்தது எது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம். ஞாயிறு இதழில் வந்த ‘அமெரிக்கச் சாலைகளின் அரசர்கள்’ கட்டுரை, ஏறத்தாழ 19 அடி நீளமும் கூரிய வால்துடுப்புகளும் கொண்ட 1959ஆம் ஆண்டு காடிலாக் காரைக் கண்முன் நிறுத்தியது. ஆனால், மக்களின் ரசனை மாறியதால்தான் அத்தகைய கார்கள் மறைந்தன என்ற அதன் முடிவு பொருத்தமாக இல்லை. 1973இன் எண்ணெய் நெருக்கடியும், எரிபொருள் சிக்கனத்தைக் கட்டாயமாக்கிய 1975ஆம் ஆண்டுச் சட்டமும் நெருக்கியதால்தான், 1976இல் 8.2 லிட்டர் கொள்ளளவுள்ள பெரிய என்ஜினுடன் எல்டொராடோ என்ற காரை விற்ற அதே காடிலாக் நிறுவனம் மறு ஆண்டே தன் பெரிய கார்களின் நீளத்தையும் எடையையும் கணிசமாகக் குறைத்தது.

எண்பதுகளில் நியூ ஜெர்சியில் நான் குடியிருந்த வீட்டின் உரிமையாளர் 1975ஆம் ஆண்டுக் காடிலாக் ஒன்றை வைத்திருந்தார். மெத்தை போன்ற அதன் இருக்கையில் அமர்ந்தால் சாலையின் மேடுபள்ளம் தெரியாது; ஆனால் ஒரு காலன் பெட்ரோலுக்குப் பத்து மைலைத் தாண்டாது. கார் முழுதாக நுழையாததால் கொட்டகைக் கதவு எப்போதும் பாதி திறந்தே கிடக்கும் (அவருக்கு அதிலும் பெருமைதான்). அவர் அதை விற்றது பெட்ரோல் செலவுக்கு அஞ்சியே தவிர, அலுத்துப்போய் அன்று. இத்தொடரின் அடுத்த பகுதியில் அக்கால எரிபொருள் விலையையும், அக்கார்களைப் பழுதுபார்த்தவர்களின் அனுபவங்களையும் சேர்த்து வெளியிட வேண்டுகிறேன்.

– ஓய்வுபெற்ற பொறியாளர், திருச்சி