கட்டைவிரல் வலித்தால் முதலில் பந்தை மாற்றுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் டென்பின் பௌலிங் பற்றி, அதாவது கனமான பந்தை உருட்டிப் பத்துக் கட்டைகளைச் சாய்க்கும் விளையாட்டைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். கிரிக்கெட்டை விட்டால் வேறு விளையாட்டே இல்லை என்பதுபோல் இருக்கும் நேரத்தில் இதற்கு இடம் கொடுத்ததற்கு நன்றி. ஷபீர் தன்கோட் போல பௌலிங்கில் பலமுறை தேசிய சாம்பியன் ஆனவர் இருக்கும் ஊர் நம் சென்னை, இன்னும் நிறைய எழுதலாம். ஆனால் பந்தில் கட்டைவிரல், நடுவிரல், மோதிரவிரல் மூன்றுக்கும் துளை இருக்கும், கட்டைவிரல் வலிக்கிறவர்கள் அதைத் துளையில் விடாமல் மற்ற இரண்டு விரலால் எறிந்து பார்க்கலாம் என்று போகிற போக்கில் ஒரு யோசனை சொல்லியிருக்கிறீர்கள். அது தவறான யோசனை. நான் காலடிப்பேட்டையில் இருக்கிறேன், பல வருஷமாகக் கட்டைவிரல் இல்லாமல்தான் எறிகிறேன், அந்த முறையின் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை.

கட்டைவிரல் உள்ளே இருந்தால் பந்து கையில் வாளி மாதிரி தொங்கும், கை தளர்வாக முன்னும் பின்னும் ஆடினால் போதும். அதை எடுத்துவிட்டால் பிடி போய்விடுகிறது. பிறகு மணிக்கட்டை உள்பக்கமாக மடக்கி, பந்தை உள்ளங்கையிலும் முன்கையிலும் சாய்த்து, முழங்கையைக் கொஞ்சம் வளைத்தே வைத்துக்கொண்டு கையை வீச வேண்டும். கை பின்னால் போகும்போது மணிக்கட்டு சற்று விரிந்தாலும் பந்து நழுவும், உடனே நடுவிரலும் மோதிரவிரலும் தம்மை அறியாமல் இறுக்கிப் பிடிக்கும். அந்த இறுக்கம்தான் முன்கைத் தசைநார்களைப் பிடித்து இழுத்து, முழங்கையின் உட்புறத்தில் வலியாக வந்து உட்காருகிறது. சுழற்சி அதிகமாகக் கிடைக்கும், உண்மைதான். அந்தச் சுழற்சிக்கு வேண்டிய வேலையெல்லாம் மணிக்கட்டின் தலையில் விழுகிறது.

பையன்கள் பார்ப்பதெல்லாம் ஆஸ்திரேலிய பௌலிங் வீரர் ஜேசன் பெல்மான்ட்டின் வீடியோக்களை. அவரும் கட்டைவிரல் போடுவதில்லை, பிபிஏ என்கிற அமெரிக்கத் தொழில்முறை பௌலிங் சங்கத்தின் பெரிய போட்டிகளில் (மேஜர்) அவரை விட அதிகப் பட்டம் வென்றவர் யாருமில்லை. ஆனால் அவருடைய இடது கை கடைசி நொடி வரை பந்தின் மேலேயே இருக்கிறது, எடையை அதுவும் சேர்ந்து தாங்குகிறது, அதைத்தான் யாரும் கவனிப்பதில்லை. போன வாரம் நான் விளையாடுகிற இடத்தில் ஒரு தம்பி, நல்ல உடம்பு, 14 பவுண்டு பந்தை எடுத்தான், அதாவது ஆறு கிலோவுக்கு மேல். ஒரே கையில், கட்டைவிரல் இல்லாமல் வீசினான். கை பின்னால் போனதும் வலது தோள் அப்படியே கீழே இறங்கியது, இடுப்பு முறுக்கிக்கொண்டது, பந்து உருளும் 60 அடிப் பாதையான லேனில் அது பாதிகூடப் போகாமல் ஓரக் கால்வாயில் விழுந்தது. அவன் மணிக்கட்டை நீவிக்கொண்டே அடுத்த பந்தை எடுக்கப் போனான். காசிமேட்டில் ஐஸ் பெட்டி தூக்குகிறவரும் பட்டறையில் ஸ்பேனர் பிடிக்கிறவரும் ஞாயிற்றுக்கிழமை விளையாட வருகிற இடம் அது. திங்கட்கிழமை காலையில் அந்த மணிக்கட்டு இல்லையென்றால் அவர்களுக்குக் கூலி இல்லை.

கட்டைவிரல் வலிப்பதற்குப் பெரும்பாலும் காரணம் துளைதான். வாடகைப் பந்துகளில் துளை சின்னதாக இருக்கும், இல்லையென்றால் விரல்களுக்கு நடுவே உள்ள தூரம் ஒத்துவராது. துளையின் விளிம்பு கட்டைவிரலின் உட்புற நரம்பில் திரும்பத் திரும்ப உரசினால் அங்கே தடித்து, மரத்துப்போகும். இதற்கு மருத்துவத்தில் 'பௌலர்ஸ் தம்ப்' என்றே பெயர் இருக்கிறது. கட்டைவிரலை முழுசாக உள்ளே விட்டுத் திருப்பிப் பாருங்கள், பக்கங்களில் லேசாகத் தொட்டாலும் சிக்காமல் வெளியே வர வேண்டும். அப்புறம் கட்டைவிரலை உள்ளே வைத்தபடியே மற்ற இரண்டு விரல்களையும் துளைகளின் மேல் நீட்டி வையுங்கள், இரண்டாவது கணுவின் ரேகை துளையின் கட்டைவிரல் பக்க விளிம்பைக் கொஞ்சம் தாண்டி இருந்தால் அது உங்கள் கைக்கான பந்து. பந்தைத் தேடித் தேடி எடுத்தால் கவுன்டரில் முகம் சுளிப்பார்கள், சுளித்தால் சுளிக்கட்டும்.

சரி, இவ்வளவுக்குப் பிறகும் கட்டைவிரல் இல்லாமல்தான் எறிவேன் என்றால், வழக்கமாக எடுப்பதை விட இரண்டு மூன்று பவுண்டு குறைத்து எடுங்கள். கையைப் பின்னால் உயரத் தூக்காதீர்கள், வேகம் காலில் இருந்து வரட்டும், முழங்காலை மடக்கிக் கடைசி அடியைச் சறுக்கி முடியுங்கள். மணிக்கட்டில் சுருக்கென்றால் அன்றைக்கு அதோடு நிறுத்திவிடுங்கள். போட்டிக்குப் போகிற எண்ணம் இருந்தால் விதியையும் பார்க்க வேண்டும். 2020 ஆகஸ்ட்டில் இருந்து அமெரிக்க பௌலிங் காங்கிரஸ் (USBC) என்ற விளையாட்டு அமைப்பின் விதிப்படி பந்தில் இருக்கும் ஒவ்வொரு துளையிலும் எறியும்போது விரல் இருந்தாக வேண்டும், கட்டைவிரல் துளையைச் சும்மா காலியாக விட முடியாது.

அந்தப் பகுதியைத் திருத்தி ஒரு சின்னக் குறிப்பாவது போடுங்கள். லேன் நடத்துகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: எட்டு, பத்து பவுண்டில் பெரியவர்களின் விரல் நுழையும் துளையோடு நாலு பந்து வாங்கி வையுங்கள். இப்போது இருப்பவை எல்லாம் குழந்தைகளின் விரலுக்குத்தான் சரியாக இருக்கின்றன, அதனால்தான் பெரியவர்கள் கனமான பந்தையே தூக்க வேண்டியிருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
காலடிப்பேட்டை, திருவொற்றியூர்