கரைதிறன் அட்டவணை மட்டும் போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இரண்டு தெளிந்த கரைசல்களைக் கலந்தால் வீழ்படிவு (கரையாமல் பிரிந்து படியும் திண்மம்) உண்டாகுமா என்று முன்கூட்டியே சொல்வதற்கு, நைட்ரேட்டுகள் அனைத்தும் கரையும், குளோரைடுகளில் வெள்ளி, காரீயம் போன்ற சிலவற்றினுடையவை கரையா என்று ஓர் அட்டவணையை மனப்பாடம் செய்ய வைப்பதோடு பாடம் பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. அட்டவணை வேண்டாம் என்பதல்ல என் கருத்து. எந்த அயனிகள் (கரைசலிலுள்ள மின்சுமை கொண்ட துகள்கள்) சேரும்போது கவனிக்க வேண்டும் என்பதை அது காட்டித் தருகிறது. ஆனால் வீழ்படிவைத் தீர்மானிப்பது அயனிகளின் செறிவு. அதைப் பற்றி அட்டவணை எதுவும் சொல்வதில்லை.

0.001 மோலார் (லிட்டருக்கு 0.001 மோல்) சில்வர் (வெள்ளி) நைட்ரேட்டையும் அதே செறிவுள்ள சோடியம் குளோரைடையும் சம அளவில் கலந்தால் செறிவுகள் பாதியாகி (மாணவர்கள் அடிக்கடி மறந்துவிடும் இடம் இதுதான்) அயனிப் பெருக்கம், அதாவது சேரும் அயனிகளின் செறிவுகளைப் பெருக்கிய எண், 2.5×10⁻⁷ ஆகிறது. இது சில்வர் குளோரைடின் கரைதிறன் பெருக்கமான, அதாவது வீழ்படிவு தோன்றாமல் அயனிப் பெருக்கம் எட்டக்கூடிய உச்ச அளவான 1.8×10⁻¹⁰ஐ விட மிகப் பெரியது என்பதால் கரைசல் உடனே வெண்மையாகக் கலங்குகிறது. சில்வர் நைட்ரேட்டுக்குப் பதிலாக அதே செறிவில் லெட் (காரீய) நைட்ரேட்டை எடுத்தால், ஒரு காரீய அயனியுடன் இரண்டு குளோரைடு அயனிகள் சேர்வதால் குளோரைடின் செறிவை இருமுறை பெருக்க வேண்டும்; அயனிப் பெருக்கம் 1.25×10⁻¹⁰ மட்டுமே. லெட் குளோரைடின் கரைதிறன் பெருக்கமோ ஏறத்தாழ 1.7×10⁻⁵. அட்டவணை 'கரையாது' என்று சொன்னாலும் குழாயில் ஒன்றும் படியாது. இரண்டு கரைசல்களும் 0.1 மோலாராக இருந்தால் வெண்ணிற வீழ்படிவு தோன்றும்.

எண்களை ஒப்பிடுவதிலும் கவனம் வேண்டும். சில்வர் குரோமேட்டின் கரைதிறன் பெருக்கம் சுமார் 1.1×10⁻¹². அது சில்வர் குளோரைடினுடையதை விடச் சிறிய எண்ணாக இருந்தும் நீரில் அதிகம் கரைவது குரோமேட்டுதான், ஏனெனில் அதன் பெருக்கத்தில் வெள்ளி அயனியின் செறிவு வர்க்கமாக (இருமுறை பெருக்கப்பட்டு) வருகிறது. நீரிலுள்ள குளோரைடின் அளவைக் காணும் மோர் முறை இந்த வேறுபாட்டை நம்பியே நிற்கிறது. சிறிதளவு பொட்டாசியம் குரோமேட் சேர்த்த மஞ்சள் கரைசலில் சில்வர் நைட்ரேட்டைச் சொட்டுச் சொட்டாக விடும்போது முதலில் வெண்ணிற குளோரைடே படிகிறது. குளோரைடு ஏறக்குறைய முழுவதும் தீர்ந்த பிறகே சில்வர் குரோமேட்டின் செந்நிறம் நிலைக்கிறது. இதன் காரணத்தை ஒரு மாணவர் தானே கணக்கிட்டுக் கண்டறிவதை விடச் சிறந்த வேதியியல் பாடம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

பேரியம் சேர்மங்களிலும் இதே நிலைதான். பேரியம் சல்பேட், பேரியம் கார்பனேட் இரண்டையும் அட்டவணை ஒரே வரிசையில் 'கரையாதவை' என்று வைக்கிறது. குடலை எக்ஸ்ரே எடுப்பதற்கு முன் நோயாளிக்கு சல்பேட்டைக் குடிக்கக் கொடுக்கிறார்கள். கார்பனேட்டோ இரைப்பை அமிலத்தில் கரைந்து பேரியம் அயனியை வெளிவிடுவதால் நஞ்சாகிறது.

எனவே பாடத்திட்டத்தை வகுப்போரிடம் நான் கேட்பது இதுதான்: தேர்வில் 'வீழ்படிவு உண்டாகுமா?' என்று கேட்கும்போது செறிவுகளையும் கொடுத்துக் கேளுங்கள். ஆய்வகப் பயிற்சியில் எதுவும் படியாத சோதனை ஒன்றையும் சேர்த்து, ஏன் படியவில்லை என்பதைக் கணக்குடன் எழுதச் சொல்லுங்கள். காரீயக் கழிவைத் தொட்டியில் கொட்டாமல் தனியே சேகரிக்கும் வழக்கத்தையும் அதே பயிற்சியில் தொடங்கிவிடலாம்.

இப்படிக்கு,
வேதியியல் ஆசிரியை ஒருவர்