தந்தையர் தினத்தின் முதற் பரிசு

ஆசிரியர் அவர்களுக்கு,

தந்தையர் தினப் பரிசுப் பொருட்கள் பற்றித் தங்கள் ஞாயிறு இதழில் வெளியான கட்டுரை, அந்நாளின் தொடக்கத்தைச் சொல்லாமல் விட்டமை பெருங்குறையாகவே எனக்குப் படுகிறது. தாய் இறந்தபின் தன்னையும் ஐந்து தம்பிமாரையும் தனியாக வளர்த்த தந்தையை எண்ணி, சொனோரா ஸ்மார்ட் டாட் 1910 யூன் 19இல் அமெரிக்காவின் ஸ்போகேன் நகரில் அதனைத் தொடக்கிவைத்தபோது, தந்தை இருப்போர் சிவப்பு ரோசாவும் இழந்தோர் வெள்ளை ரோசாவும் அணிந்தனர். அங்கு அது நாடு முழுவதும் கொண்டாடும் நாளாகச் சட்டமானதோ 1972இல்தான்.

புறக்கோட்டைக் கடையொன்றில் கணக்கெழுதிய என் அப்பா, நாங்கள் கொடுத்த புதுச் சட்டைகளைப் பெட்டியோடு அலுமாரியில் வைத்துவிட்டு, தங்கை எழுதிய ஒரு பக்கக் கடிதத்தை மட்டும் மடிப்புக் கிழியும்வரை சட்டைப் பையில் வைத்திருந்தார். வரும் யூன் மூன்றாம் ஞாயிறன்று, பிள்ளைகள் தந்தையருக்கு எழுதும் கடிதங்களுக்குத் தங்கள் பத்திரிகை ஒரு பக்கத்தையேனும் ஒதுக்க வேண்டுகிறேன்.

வாசகர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.