தீர்ப்பைச் சரியாகப் படி, மகனே

ஹாமில்டன் கவுண்டி, நெப்ராஸ்கா
1923 ஜூன் 17, ஞாயிறு

அன்புள்ள மகனுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். சீவர்டிலிருந்து நீ எழுதிய கடிதத்தை அம்மா ஆலயத்துக்கு எடுத்துப்போய்ப் பாதிச் சபைக்கு வாசித்துக் காட்டிவிட்டாள். ஆசிரியப் பயிற்சி முடிந்ததும் எல்லாப் பாடங்களையும் மறுபடி ஜெர்மனிலேயே நடத்துவேன் என்றிருந்தாயே, அந்த இடத்தில் பெரியவர்கள் தலையாட்டினார்கள். நான் ஆட்டவில்லை.

மேயர் வாத்தியார் வழக்கில் வாஷிங்டன் உச்ச நீதிமன்றம் சொன்னதை முழுதாகப் படித்தாயா? எட்டாம் வகுப்பு முடிக்காத பிள்ளைக்கு வேற்று மொழி கற்பிப்பது குற்றம் என்றது நம் மாநிலத்தின் 1919ஆம் ஆண்டுச் சட்டம். லத்தீன், கிரேக்கம் என்றால் பாதகமில்லையாம். பாட்டி பேசுகிற மொழிதான் ஆகாதாம்! மேயர் ஹாம்ப்டன் பள்ளியில், இடைவேளையில், பத்து வயதுப் பையனுக்கு வேதாகமக் கதையை ஜெர்மனில் வாசிக்கக் கற்றுக்கொடுத்தார். கவுண்டி வழக்கறிஞர் வாசலில் வந்து நின்றபோதும் நிறுத்தவில்லை. அபராதம் 25 டாலர். நம்மில் பலர் முணுமுணுத்துக்கொண்டே கட்டியிருப்போம், அவர் கட்டவில்லை. நமக்காக வாதாடிய ஒமாஹா வழக்கறிஞர் கத்தோலிக்கர் என்பதை நம் லுத்தரன் சபையில் யாரும் உரக்கச் சொல்வதில்லை.

நீதிபதிகள் ஏழு பேர் நம் பக்கம், இரண்டு பேர் எதிர்ப்பக்கம். பிள்ளைக்கு ஜெர்மன் கற்றுக்கொடுப்பதை இனி யாரும் தடுக்க முடியாது. ஆனால் பள்ளிப் பாடத்தை ஆங்கிலத்தில் நடத்தச் சொல்லும் அதிகாரம் அரசுக்கு இல்லை என்று அவர்கள் சொல்லவே இல்லை. உன் திட்டத்துக்கு இந்தத் தீர்ப்பில் இடமில்லை.

இடம் இருந்திருந்தாலும் நான் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். உன் தங்கை வேதத்தின் பத்துக் கட்டளைகளையும் ஆங்கிலத்தில் ஒப்பிக்கிறாள். பாட்டிக்குப் புரியாமல் கோபம். அதற்குத்தான் ஜெர்மன் வேண்டும்: ஞானோபதேசத்துக்கு, பாட்டுக்கு, பாட்டியோடு பேசுவதற்கு. தினம் ஒரு மணி நேரம் போதும். ஆலயத்தில் திடப்படுத்தல் சடங்கு முடிந்த கையோடு பையன்களை வயலுக்கு இழுத்துக்கொள்கிறோம். அதற்குள் கணக்கும் ஆங்கிலமும் படியவில்லை என்றால், தானியக் கிடங்கில் எடைச் சீட்டைப் படிக்கக்கூட இன்னொருவன் தயவு வேண்டும். எனக்கு அது பழக்கமாகிவிட்டது. அவர்களுக்கு வேண்டாம்.

ஆர்கன் பயிற்சியை விட்டுவிடாதே. புது வாத்தியாரை வேலைக்கு அழைக்கும்போது நம் சபை முதலில் விசாரிப்பது அதைத்தான்.

ஜூலை தொடக்கத்தில் கோதுமை அறுவடை. ஆள் போதாது, வந்துவிடு. மொழி விஷயத்தில் நான் எழுதியதை அம்மா ஒப்புக்கொள்ளவில்லை. அவள் தனியாக எழுதுகிறாள்.

அன்புடன்,
அப்பா