சிட்டலோபிராமையும் அளந்து பாருங்கள்: மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு ஒரு திறந்த மடல்

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத் தலைவர் அவர்களுக்கு,

வணக்கம். சிட்டலோபிராம், ஃப்ளூஆக்செடின், வென்லாஃபாக்சின் என மனச்சோர்வுக்குத் தரப்படும் மாத்திரைகள் தண்ணீரில் சேர்ந்த பிறகு என்ன ஆகின்றன என்பதை வாரியம் கணக்கில் எடுக்க வேண்டும் என்று கேட்டு இதை எழுதுகிறேன். மாத்திரை சாப்பிடுபவர்களைக் குறை சொல்லும் மடல் அல்ல இது. அவர்களுக்கு அது தேவை. இதைப் படித்துவிட்டு யாரும் மருந்தை நிறுத்திவிட வேண்டாம்.

ஐதராபாத்துக்கு அருகே பட்டன்சேருவில் சுமார் 90 மருந்து ஆலைகளின் கழிவுநீரை வாங்கிச் சுத்திகரிக்கும் பொது நிலையம் ஒன்று உண்டு. அதிலிருந்து வெளியேறிய நீரைச் சோதித்த சுவீடன் ஆய்வாளர்கள் 2007-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக்கின் அளவு உலகச் செய்தியானது. அதே பட்டியலில் இருந்த சிட்டலோபிராமை யாரும் பெரிதாகப் பேசவில்லை. லிட்டருக்கு 840 மைக்ரோகிராம் வரை இருந்தது. இரண்டு குடம் தண்ணீர் எடுத்தால் அதில் 20 மில்லிகிராம் மாத்திரை ஒன்று கரைந்திருக்கும். சுத்திகரித்த பிறகு வந்த அளவு இது!

அந்த நிலையங்களில் உழைப்பது பாக்டீரியாதான். மலம், சோப்பு, எண்ணெய் எல்லாவற்றையும் நன்றாகவே தின்றுவிடும். ஆனால் ஃப்ளூஆக்செடின் மூலக்கூறில் ஒரே கார்பனோடு மூன்று ஃப்ளூரின் அணுக்கள் இறுகப் பிணைந்திருக்கின்றன. அதை உடைப்பது எளிதல்ல. மருந்தில் பெரும்பங்கு சிதையாமல் கசடில் போய் ஒட்டிக்கொள்கிறது, தண்ணீரில் குறைந்ததுபோல் தெரிகிறது. வெயிலில் சிதையாதா என்றால், கொஞ்சம் சிதையும். அப்போது வரும் பொருள்களில் ஒன்று ட்ரைஃப்ளூரோமெத்தில்ஃபீனால். அதிலும் அந்த மூன்று ஃப்ளூரின் அப்படியே இருக்கும்.

வென்லாஃபாக்சின் கதை இன்னும் வேடிக்கை. நம் கல்லீரல் அதிலிருந்து ஒரு மெத்தில் தொகுதியைக் கழற்றி டெஸ்வென்லாஃபாக்சின் ஆக்குகிறது. அதுவும் அதே வேலையைச் செய்யும் மருந்துதான், கடையில் தனி மாத்திரையாகவே விற்கிறார்கள். ஆகவே வென்லாஃபாக்சின் குறைந்துவிட்டது என்று ஓர் அறிக்கை சொன்னால், எதுவாக மாறியது என்றும் கேட்க வேண்டியிருக்கிறது.

இந்த மருந்துகள் நம் மூளையில் குறிவைப்பது செரட்டோனின் என்ற வேதிப்பொருளை. அது மீனுக்கும் சிப்பிக்கும்கூட உண்டு. அமெரிக்காவின் டெக்சாஸில், சுத்திகரித்த கழிவுநீர் ஓடும் பீக்கன் ஓடையில் பிடித்த மீன்களின் மூளையிலும் ஈரலிலும் ஃப்ளூஆக்செடினும் அதே வகை மருந்தான செர்ட்ராலினும் இருப்பதை 2005-இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆய்வகத்தில் ஃப்ளூஆக்செடின் பட்ட ஒருவகை நன்னீர்ச் சிப்பிகள் கருமுட்டைகளையும் விந்தையும் வெளியேற்றிவிட்டன.

வாரியத்தின் அளவுகோல்கள் இதையெல்லாம் பார்ப்பதற்காகச் செய்தவை அல்ல. 27 டிகிரியில் மூன்று நாள் வைத்து, நுண்ணுயிர்கள் எவ்வளவு ஆக்சிஜனைச் செலவழிக்கின்றன என்று அளக்கும் பி.ஓ.டி., அவை தின்னக்கூடிய கழிவைத்தான் காட்டும். தின்ன முடியாத மருந்து அதில் எப்படித் தெரியும்? நுண்ணுயிர்களுக்குப் பதில் வேதிப்பொருளால் கழிவை ஆக்சிஜனேற்றி அளக்கும் சி.ஓ.டி.யிலும் இவ்வளவு சின்ன அளவு காணாமல் போய்விடும். 2020 ஜனவரியில் வந்த மத்திய அரசின் வரைவு விதியில் ஆன்டிபயாடிக் எச்சங்களுக்காவது உச்சவரம்பு இருந்தது. 2021-இல் இறுதி விதி வந்தபோது அதையும் எடுத்துவிட்டார்கள். மனநல மருந்துகள் வரைவிலேயே இல்லை.

ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் திருத்திய நகர்ப்புறக் கழிவுநீர்ச் சட்டத்தில், பெரிய நிலையங்களின் கூடுதல் சுத்திகரிப்பு சரியாக நடக்கிறதா என்று பார்க்கச் சில பொருள்களைக் குறித்திருக்கிறது. சிட்டலோபிராமும் வென்லாஃபாக்சினும் அவற்றில் உண்டு. அந்தச் செலவில் குறைந்தது 80 சதவீதத்தை மருந்து, அழகுப்பொருள் நிறுவனங்கள் ஏற்க வேண்டும் என்றும் அங்கே விதித்தார்கள். நிறுவனங்கள் வழக்குக்குப் போயின, அது எதிர்பார்த்ததுதான். பணம் யார் தருவது என்று நாமும் சண்டை போடலாம். ஆனால் கையில் எண் இல்லாமல் எதை வைத்துப் போடுவது?

நான் கேட்பது சின்ன விஷயம். பெருநகரச் சுத்திகரிப்பு நிலையங்களிலும் மருந்து ஆலைகளின் பொது நிலையங்களிலும் சிட்டலோபிராம், வென்லாஃபாக்சின், டெஸ்வென்லாஃபாக்சின், ஃப்ளூஆக்செடின் ஆகியவற்றை ஆண்டுக்கு ஒருமுறையாவது அளந்து, முடிவை அப்படியே வெளியிடுங்கள். வெளியேறும் நீரோடு கசடையும் சோதியுங்கள்.

பட்டன்சேரு கழிவுநீரை அப்புறம் குழாய் வழியே ஆம்பர்பேட் நிலையத்துக்குத் திருப்பினார்கள். ஊர்ச் சாக்கடையோடு கலந்து அது மூசி ஆற்றில் சேர்கிறது. கலந்தால் செறிவு குறையும், சரி. மருந்து சிதைந்ததா என்பது அதிலிருந்து தெரியாது. முதல் மாதிரியை அங்கிருந்தே எடுக்கலாம்.

இப்படிக்கு,
வேதியியல் ஆசிரியர் ஒருவர்