தப்பைக் கண்டுபிடித்தவளுக்கு என்ன கிடைத்தது?

ஆசிரியர் அவர்களுக்கு,

என் மகள் நாகர்கோவிலில் முதுகலை படிக்கிறாள். போன மாதம் ரப்பர் பால்வெட்டு பற்றி வெளியான ஒரு ஆய்வுக் கட்டுரையைப் படித்தவள், அட்டவணையில் இருக்கும் சதவீதங்களைக் கூட்டினால் 106 வருகிறதே அப்பா என்று கொண்டுவந்து காட்டினாள். நானும் காலண்டர் தாளின் பின்பக்கம் இரண்டு தடவை கூட்டிப் பார்த்தேன், 106தான். எழுதியவருக்கு மின்னஞ்சல் போட்டாள், பதில் இல்லை. "பெரியவங்க தப்பைச் சொன்னா உன் பேருதான் கெடும்" என்று கூடப் படிப்பவர்களே சொல்கிறார்களாம், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. குலசேகரம் பக்கம் அரை ஏக்கர் ரப்பர் வைத்திருப்பவர்கள் இப்படிப்பட்ட கணக்கை நம்பித்தானே மரத்தில் கத்தி வைக்கிறார்கள்?

2013இல் அமெரிக்காவில் தாமஸ் ஹெர்ன்டன் என்ற மாணவர், வகுப்புப் பயிற்சிக்காக ஒரு பிரபலமான பொருளாதாரக் கட்டுரையின் கணக்கைத் திரும்பப் போட்டபோது, எக்செல் சராசரியில் ஐந்து நாடுகள் விடுபட்டிருந்ததைக் கண்டுபிடித்தார். அரசுகளின் செலவைக் குறைக்கச் சொன்னவர்கள் ஆதாரமாகக் காட்டிய கட்டுரை அது! சுவிட்சர்லாந்தில் பெர்ன் பல்கலைக்கழகத்தில், வெளியான கட்டுரைகளைச் சரிபார்ப்பவருக்கு 1,000 பிராங்க் வரை தரும் திட்டம் இருக்கிறது, பிழை கண்டால் அதற்கு மேலும் உண்டு.

சரி, நமக்கு அவ்வளவு பணம் வேண்டாம். ஆய்வுக்கு ஒதுக்கும் நிதியில் கொஞ்சம் சரிபார்ப்பதற்கென்று வையுங்கள், பிழை கண்ட மாணவருக்கு மதிப்பெண்ணும் ஒரு சான்றிதழும் கொடுங்கள். முதலில் அந்த மின்னஞ்சலுக்குப் பதில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு தகப்பன்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்